கொடியை மாற்ற ஒரு ராத்திரி, நோட்டை மாற்ற?

1948 ஏப்ரல் முதல் தேதி பாகிஸ்தானில் புழக்கத்துக்கு விடப்பட்ட ரூபாய் நோட்டில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை இருந்தது. ரிசர்வ் பேங்க் ஆஃப் இந்தியா என்ற பெயர் இருந்தது. அதன் கவர்னருடைய கையெழுத்தும் இருந்தது. புதிதாகச் சேர்ந்தவை இரண்டே வரிகள்: ஆங்கிலத்தில் ‘கவர்ன்மென்ட் ஆஃப் பாகிஸ்தான்’, உருதுவில் ‘ஹுகூமத்-ஏ-பாகிஸ்தான்’. அச்சான இடம் நாசிக். சுதந்திரம் வந்து ஏழரை மாதம் ஆகியிருந்தது. காஷ்மீரில் சண்டை ஓயவில்லை. அந்த நிலையில், எதிர்த்தரப்பு நாட்டின் அச்சகத்தில் அடித்த தாளில்தான் கராச்சியில் சிப்பாய்க்கும் குமாஸ்தாவுக்கும் சம்பளம் போயிற்று.

இதைக் கேலியாகச் சொல்பவர்கள் உண்டு. கேலி செய்ய இதில் ஒன்றுமில்லை. புதிதாகப் பிறந்த நாடுகளில் பெரும்பாலானவை முதல் நாளே சொந்தப் பணத்தோடு பிறக்கவில்லை. 1957இல் விடுதலையான கானா, சொந்த நோட்டைப் பார்க்க 1958 ஜூலை வரை காத்திருந்தது. கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றும் 1966 வரை பழைய கிழக்கு ஆப்பிரிக்க ஷில்லிங்கில்தான் காய்கறி வாங்கின.

நோட்டு அடிப்பது பெரிய வேலையே இல்லை. அதற்கென்றே உலகில் சில கம்பெனிகள் இருக்கின்றன. பணம் கட்டினால் அடித்துக் கப்பலேற்றி விடுவார்கள். அந்தத் தாளைக் கொண்டுவந்து நீட்டுகிறவருக்குப் பதிலுக்கு எதைக் கொடுப்பது என்பதில்தான் சிக்கல். தங்கமோ, ஸ்டெர்லிங் என்ற பிரிட்டிஷ் பவுண்டோ, கடன்பத்திரமோ, அந்தக் கையிருப்பு பெரும்பாலும் நாட்டுக்கு வெளியே இருந்தது. லண்டனில், பாரிஸில், பாகிஸ்தான் விஷயத்தில் பம்பாயில். காலனிகளின் விடுதலை என்றால் கொடி, தேசிய கீதம், எல்லைக்கோடு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். கையிருப்பு எப்படிப் பெட்டி மாறியது, எங்கே மாறாமலே போனது என்பதைப் பார்த்தால் அந்த நாடுகளின் முதல் பத்து வருடக் கதையில் பாதி புரிந்துவிடும்.

வாரியம் என்ற ஏற்பாடு

பிரிட்டிஷ் காலனிகளில் பெரும்பாலானவற்றுக்கு மத்திய வங்கி கிடையாது. இருந்தது நாணய வாரியம். கோல்டு கோஸ்ட் (இன்றைய கானா), நைஜீரியா, சியரா லியோன், காம்பியா நான்குக்கும் பொதுவாக 1912இல் மேற்கு ஆப்பிரிக்க நாணய வாரியத்தை அமைத்தார்கள். அலுவலகம் லண்டனில்.

அதன் வேலை ஒன்றுதான். நைஜீரியாவின் லாகோஸில் இருக்கும் ஒரு பேங்குக்கு ஆயிரம் பவுண்டுக்கு நோட்டு வேண்டுமா? லண்டனில் வாரியத்தின் கணக்கில் ஆயிரம் ஸ்டெர்லிங் பவுண்டு கட்ட வேண்டும். ஒரு சிறு கமிஷனைப் பிடித்துக்கொண்டு, லாகோஸில் ஆயிரம் மேற்கு ஆப்பிரிக்கப் பவுண்டுக்கு நோட்டுக் கொடுப்பார்கள். நோட்டைத் திருப்பிக் கட்டினால் அதே கணக்கு தலைகீழாக நடக்கும். கைக்கு வந்த ஸ்டெர்லிங்கை வாரியம் கடன்பத்திரங்களில் போட்டு வட்டி வாங்கும். செலவுபோக மிஞ்சியது காலனி அரசுகளுக்குப் பங்காகப் போகும்.

நூற்றுக்கு நூறு கையிருப்பு என்பதால் அந்த நோட்டு ஒருநாளும் கைவிடாது. ஆனால் கோகோ விற்று ஸ்டெர்லிங் வந்தால்தான் ஊரில் புழங்கக் காசு கிடைக்கும். அறுவடை மாதங்களில் நோட்டு பெருகும், பிறகு வற்றும். கோகோ விலை விழுந்த வருடம் ஊரில் காசும் சேர்ந்து சுருங்கும். அரசாங்கம் உள்ளூரில் கடன் வாங்கி ஒரு பாலம் கட்டலாம் என்றால், கொடுக்கிற நிறுவனம் எதுவும் இல்லை. கோகோ விவசாயி மடியில் முடிந்து வைத்திருந்த ஒவ்வொரு நோட்டும், சுற்றிவளைத்துப் பார்த்தால், அவர் லண்டன் கடன் சந்தைக்குக் கொடுத்த கைமாற்று.

இலங்கையில் இந்த முறை இன்னும் பழையது. காப்பித் தோட்டங்கள் இலைநோயில் அழிந்துகொண்டிருந்த 1884இல் ஓரியண்டல் பேங்க் கார்ப்பரேஷன் நொடித்துப்போனது. தீவில் புழங்கிய நோட்டுகளில் பெரும்பகுதி அந்தத் தனியார் வங்கி அடித்தவை. கவர்னர் ஆர்தர் கார்டன் அவற்றுக்கு அரசின் உத்தரவாதத்தைக் கொடுத்துக் கலவரத்தைத் தவிர்த்தார். அதே வருடம் நோட்டு அடிக்கும் உரிமையை அரசே எடுத்துக்கொண்டது. அன்று தொடங்கிய வாரிய முறை 1948 பிப்ரவரி 4ஆம் தேதிச் சுதந்திரத்தையும் தாண்டி, 1950 ஆகஸ்ட் 28 வரை ஓடியது. அன்றுதான் 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணயச் சட்டத்தின்படி இலங்கை மத்திய வங்கி திறந்தது. முதல் கவர்னர் ஜான் எக்ஸ்டர், அமெரிக்க ஃபெடரல் ரிசர்விலிருந்து வந்தவர். கானாவின் முதல் கவர்னர் ஆல்ஃபிரெட் எகில்ஸ்டன், நைஜீரியாவின் முதல் கவர்னர் ராய் ஃபென்டன் என்று அங்கேயும் ஆரம்பம் வெள்ளைக்காரர்கள்தான். செக்கில் கையெழுத்துப் போடத் தெரிந்த அமைச்சர்கள் நிறைய இருந்தார்கள், கையிருப்பை நாள்தோறும் நிர்வகித்துப் பழகிய உள்ளூர்க்காரர்கள் இல்லை. அந்த இடத்தில் ஆள் பழகவே விட்டதில்லை என்பதுதான் காரணம்.

மாற்றுகிற வேலை

வாரியத்திலிருந்து சொந்தப் பணத்துக்கு ஒழுங்காகப் போன நாடுகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே வரிசையில் போயின. முதலில் சட்டம். எந்தத் தேதியிலிருந்து எந்த நோட்டு செல்லும், பழையது எத்தனை நாள் கூடவே செல்லும், புதிய வங்கி அரசாங்கத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் முதலில் திருத்துவார்கள்.

அடுத்தது எண்ணிக்கை. புழக்கத்தில் எத்தனை தாள் இருக்கிறது என்று மதிப்புவாரியாகக் கணக்கெடுத்து, அதற்கு மேல் கிடங்கில் வைக்கவும் அடிக்க வேண்டும். சிறு நோட்டுதான் சீக்கிரம் நையும். ஈரக்காற்றும் வியர்வையும் உள்ள சந்தையில் ஒரு வருடம் தாங்குவதே பெரிது. ஒரு நோட்டு ஏறக்குறைய ஒரு கிராம் எடை என்று வைத்துக்கொண்டால் பத்துக் கோடித் தாள் நூறு டன். அதைக் கப்பலில் இறக்கி, காவலோடு ரயிலிலும் லாரியிலும் ஏற்றி, பேங்கே இல்லாத மாவட்டத் தலைநகரங்களின் கருவூலங்கள் வரை கொண்டுபோக வேண்டும். ஆர்டர் கொடுப்பதற்கும் கிராமத்துக் கைக்கு வருவதற்கும் இடையே ஒரு வருடம் போனால் அது சாதாரணம். புது நாடுகள் தாமதித்ததற்கு அரசியல் காரணம் தேடுகிறவர்கள் இந்த நூறு டன்னை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றாவதுதான் உயிர்நிலை. சேகரித்த பழைய நோட்டை வாரியத்திடம் ஒப்படைக்க ஒப்படைக்க, அதற்கீடான ஸ்டெர்லிங் புதிய வங்கியின் கணக்குக்கு வர வேண்டும். நான்கு நாடுகளுக்குப் பொதுவான வாரியம் என்றால் இதில் ஒரு நெளிவு இருக்கிறது: நோட்டில் நாட்டின் பெயர் இல்லை. கானாவின் அக்ராவில் கொடுத்த நோட்டு லாகோஸுக்குப் போயிருக்கலாம். ஆகவே யார் அதிகமாகச் சேகரித்துக் கொடுக்கிறார்களோ அவர்களுக்கு அதிகக் கையிருப்பு. தொலைந்தும் எரிந்தும் கரையான் அரித்தும் திரும்பி வராமலே போன நோட்டுகளின் ஈடு, வாரியத்தைக் கலைக்கும்போது பங்கு போட வேண்டிய லாபம்.

கடைசியில் மாற்று விகிதம். இங்கே கானா ஒரு நல்ல காரியம் செய்தது. 1965 ஜூலையில் பவுண்டை விட்டுத் தசம முறைக்குப் போனபோது, ஒரு சீடி என்பதை 8 ஷில்லிங் 4 பென்ஸ் என்று வைத்தார்கள். விநோதமான எண்ணாகத் தெரியும். ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ் என்று கணக்குப் போட்டால் அது சரியாக 100 பென்ஸ். சீடியின் நூறில் ஒரு பங்கான பெசேவா ஒன்று பழைய பென்னி ஒன்றுக்குச் சமம். மீன் விற்கிற பெண்மணி விலையை மாற்றவே வேண்டாம், பெயரை மாற்றினால் போதும். சீடி என்ற பெயரும் ஒரு காலத்தில் அங்கே பணமாகப் புழங்கிய சோழிக்கான அகான் சொல்லிலிருந்து வந்தது. இரண்டே வருடத்தில், அதிபர் நிக்ரூமாவைக் கவிழ்த்த ராணுவ அரசு அவர் படம் போட்ட நோட்டை ஒழிக்கவென்று புதிய சீடியைக் கொண்டுவந்து 1.20 பழைய சீடிக்கு ஒரு புதிய சீடி என்று வைத்தது. புதிய சீடி பத்து ஷில்லிங்குக்குச் சமமாகியது. பென்னிக் கணக்கு சந்தையில் குழம்பியது.

கையிருப்பு கரைந்த விதம்

கானா ஒழுங்காகப் பிரிந்த நாடு. விடுதலையின்போது சுமார் 20 கோடி பவுண்டு கையிருப்பு இருந்தது. அன்றைய ஆப்பிரிக்காவில் அது பெரிய செல்வம். 1966 பிப்ரவரி ராணுவப் புரட்சியின்போது அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் போயிருந்தது. நிக்ரூமாவின் ஆடம்பரம் என்று ஒரே வரியில் முடிப்பது வழக்கம். ஆடம்பரம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1954இல் டன்னுக்கு 450 பவுண்டைத் தாண்டிய கோகோ விலை, 1965இல் 100 பவுண்டை ஒட்டி வந்துவிட்டது. அதே 1964-65 பருவத்தில்தான் கானா சாதனை விளைச்சல் கண்டது. கானாவும் நைஜீரியாவும் ஐவரி கோஸ்டும் ஒரே சமயத்தில் கோகோ நட்டால் விலை என்னவாகும் என்பதற்குப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை, கோயம்பேட்டில் தக்காளி மலியும் வாரம் போய்ப் பார்த்தால் போதும்.

வேறொரு இழப்பை இதில் பலரும் சேர்ப்பதில்லை. 1949 செப்டம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 4.03 டாலரிலிருந்து 2.80 டாலருக்கு இறக்கியது. ஒரே அறிவிப்பில் 30 சதவீதத்துக்கும் மேல். ஸ்டெர்லிங்கில் கையிருப்பு வைத்திருந்த காலனிகளுக்கும் புதிய நாடுகளுக்கும் டாலர் கணக்கில் அவ்வளவும் போயிற்று. 1967 நவம்பரில் மறுபடியும் 2.40க்கு. நம் அலமாரிச் சாவி பக்கத்து வீட்டில் இருந்தால், அவர்கள் வீட்டுச் சண்டையில் நம் பாத்திரமும் உடையும்.

இந்தியாவின் நிலைமையும் அதுவே. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனுக்குத் தானியமும் துணியும் கொடுத்து, பதிலுக்குப் பெற்ற ஸ்டெர்லிங் வரவு 1947 ஆகஸ்டில் சுமார் 116 கோடி பவுண்டு. காகிதத்தில் இந்தியா கடன் கொடுத்தவர், பிரிட்டன் கடனாளி. நிஜத்தில் கணக்கை இரண்டாகப் பிரித்து, முதல் கணக்கில் 6.5 கோடி பவுண்டை மட்டும் உடனே செலவழிக்க விட்டார்கள். மீதி முடக்கம், வருடா வருடம் பேசிப் பேசி வாங்க வேண்டியது.

அந்த 1949 மதிப்பிறக்கம் நம் துணைக்கண்டத்தில் செய்த வேலை தனிக் கதை. பவுண்டோடு சேர்ந்து இந்திய ரூபாய் இறங்கியது. பாகிஸ்தான் இறக்கவில்லை. அதுவரை ஒன்றுக்கொன்று என்று இருந்த இரண்டு ரூபாயில், 100 பாகிஸ்தான் ரூபாய் 144 இந்திய ரூபாய் ஆகியது. இந்தியா அந்த விகிதத்தை ஏற்கவில்லை. ஹூக்ளி ஆற்றங்கரை ஆலைகளுக்கு வேண்டிய சணலில் பெரும்பங்கு கிழக்கு வங்காளத்தில்தான் விளைந்தது. அந்தப் பக்கம் ஆலை ஒன்றுகூட இல்லை. சணல் வருவது நின்றது, பதிலுக்கு இந்தியா நிலக்கரியை நிறுத்தியது. வாங்க ஆளில்லாமல் மைமன்சிங், டாக்கா விவசாயிகள் தவித்தார்கள், கல்கத்தாவில் தறிகள் நின்றன. பாகிஸ்தானின் பிடிவாதம் தவறு என்றுதான் அப்போது தோன்றியிருக்கும். 1950இல் கொரியப் போர் வந்து சணல், பருத்தி விலைகள் எகிற, பிடிவாதம் புத்திசாலித்தனமாக மாறியது. 1951 பிப்ரவரி வர்த்தக ஒப்பந்தத்தில் இந்தியா 144 விகிதத்தை ஒப்புக்கொண்டது. அதே வருடம் நாராயண்கஞ்சில் ஆதம்ஜி சணல் ஆலை ஓடத் தொடங்கியது. போர் விலை அடங்கியதும் 1955இல் பாகிஸ்தானும் இறக்கியது. ஒரு பொதுப் பணம் இரண்டானதால் ஒரே ஆற்றுப் படுகையின் வயலும் ஆலையும் பிரிந்துபோயின. பிரிவினை எல்லையை வரைந்த ராட்கிளிஃப் கோடு போட்டுப் பிரித்ததைவிட இது ஆழமான வெட்டு என்பேன். கோட்டுக்குப் பிறகும் இரண்டு வருடம் சணல் படகுகள் கல்கத்தா போய்க்கொண்டுதான் இருந்தன.

கோபித்துக்கொண்டு வெளியேறியவர்கள்

பிரெஞ்சு ஆப்பிரிக்காவில் ஏற்பாடு வேறு. சி.எஃப்.ஏ. பிராங்க் 1945 டிசம்பர் 26 அன்று பிறந்தது. அந்த எழுத்துகளுக்கு அன்றைய விரிவு ‘ஆப்பிரிக்காவின் பிரெஞ்சுக் காலனிகள்’. விடுதலைக்குப் பிறகு எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு விரிவை மட்டும் ‘ஆப்பிரிக்க நிதிச் சமூகம்’ என்று மாற்றினார்கள். பிரெஞ்சு பிராங்குடனான மாற்று விகிதத்துக்குப் பிரெஞ்சு அரசின் உத்தரவாதம் உண்டு. பதிலுக்கு உறுப்பு நாடுகள் தங்கள் அந்நியச் செலாவணியைப் பாரிஸில் பிரெஞ்சுக் கருவூலத்தின் ‘செயல்பாட்டுக் கணக்கில்’ போட வேண்டியிருந்தது. முதலில் முழுவதும், 1970களில் 65 சதவீதம், பிறகு 50.

பிரான்சின் கீழ் ஒரு சமூகமாகத் தொடர்வதா என்ற 1958 செப்டம்பர் 28 வாக்கெடுப்பில் கினி மட்டும் ‘வேண்டாம்’ என்றது, 95 சதவீதத்துக்கும் மேல். அக்டோபர் 2இல் விடுதலை. பிரெஞ்சு அதிகாரிகள் கும்பலாகக் கிளம்பினார்கள். கானா ஒரு கோடி பவுண்டு கடன் அறிவித்துக் கைகொடுத்தது. 1960 மார்ச் முதல் தேதி அதிபர் செக்கூ தூரேயின் அரசு சொந்த கினி பிராங்கை வெளியிட்டது. நோட்டு அடித்தது செக்கோஸ்லோவாக்கியா. மேலே சொன்ன வரிசையில் மூன்றாவது படி இங்கே நடக்கவில்லை: பழைய நோட்டுக்கு ஈடாகப் பாரிஸிலிருந்து ஒழுங்காகக் கையிருப்பு பெயரும் ஒப்பந்தம் இல்லாமலே பிரிந்தார்கள். பின்னால் எதுவும் இல்லாத பணத்தைக் கவிழ்க்கச் சிறிது தள்ளினாலே போதும். பிரெஞ்சு உளவுத்துறை கினி பிராங்கைக் கள்ளத்தனமாக அடித்து உள்ளே கொட்டியது. அந்தத் துறையின் ஆப்பிரிக்கப் பிரிவுக்குத் தலைமை வகித்த மோரீஸ் ரொபேர் பிற்காலத்தில் இதைத் தாமே ஒப்புக்கொண்டிருக்கிறார். கினி 1963இல் புது நோட்டு அடித்தது. 1970களின் தொடக்கத்தில் பிராங்கையே கைவிட்டு, ஆளும் கட்சியின் சின்னமான யானையின் பெயரில் ‘சிலி’ என்றது. 1986இல் மறுபடி பிராங்குக்குத் திரும்பியது. இத்தனை முறை பணத்தை மாற்றிய நாட்டில் மக்கள் எதைச் சேமிப்பார்கள்? மாட்டையும் அண்டை நாட்டு நோட்டையும்தான்.

மாலியின் பாடம் கள்ளநோட்டு பற்றியதல்ல, வியாபாரி பற்றியது. 1962 ஜூலை முதல் தேதி அதிபர் மொதிபோ கெய்ட்டா மாலி பிராங்கை அறிவித்தார். கடலில்லாத நாடு. அதன் வியாபாரிகள் மாட்டைத் தெற்கே ஐவரி கோஸ்டுக்கு ஓட்டிப்போய் விற்று, கோலா கொட்டையும் துணியும் வாங்கி வருகிறவர்கள். அங்கே புழங்குவது சி.எஃப்.ஏ. பிராங்க். மாலி பிராங்கை எல்லைக்கு அப்பால் யாரும் தொடமாட்டார்கள். மூன்றே வாரத்தில், ஜூலை 20 அன்று, தலைநகர் பமாக்கோவில் வியாபாரிகள் தெருவுக்கு வந்தார்கள். அதைச் சாக்காக வைத்து எதிர்க்கட்சித் தலைவர்கள் ஃபிலி தாபோ சிசோகோவையும் ஹமாதூன் திக்கோவையும் பிடித்துப் போட்டது அரசு; இருவரும் 1964இல் சிறைக்காவலில் இறந்தார்கள். மாடு மட்டும் ராத்திரியில் எல்லை தாண்டுவதை நிறுத்தவில்லை. விற்ற பணம் திரும்பி வரவும் இல்லை. 1967இல் மாலி பிரான்சோடு ஒப்பந்தம் போட்டு நாணய மதிப்பைப் பாதியாகக் குறைத்தது. 1984இல் இரண்டு மாலி பிராங்குக்கு ஒரு சி.எஃப்.ஏ. பிராங்க் என்ற கணக்கில் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டது.

உள்ளேயே இருந்தவர்கள் நிம்மதியாக இருந்தார்களா என்றால், விலைவாசி விஷயத்தில் பெரும்பாலும் ஆம். அதற்கான பில் 1994 ஜனவரி 11 அன்று செனகலின் டாக்கரில் வந்தது: 50 சி.எஃப்.ஏ. பிராங்குக்கு ஒரு பிரெஞ்சு பிராங்க் என்று 1948 முதல் அசையாமல் நின்ற விகிதம், நூறுக்கு ஒன்றாக, சரிபாதியாகியது. மருந்து, பால்பவுடர், அரிசி என இறக்குமதியாகும் எல்லாம் கிட்டத்தட்ட இரட்டை விலை. மேற்கு ஆப்பிரிக்கப் பக்கத்தில் பாரிஸில் பாதியைப் போடும் விதியை நீக்குவதாக 2019 டிசம்பரில் அபிஜானில் அறிவித்தார்கள். யூரோவுடனான நிலையான விகிதமும் பிரெஞ்சு உத்தரவாதமும் அப்படியே இருக்கின்றன. வெளியேறியவர்களைப் பார்த்துப் பயந்தே மற்றவர்கள் தங்கினார்கள் என்று சிலர் சொல்வார்கள். பயம் பாதி. கினியும் மாலியும் எந்தப் படியைத் தாண்டிக் குதித்தார்கள் என்று கவனித்தவர்களின் கணக்கு மீதிப் பாதி.

கத்தரிக்கோல்

எல்லா உதாரணங்களிலும் என்னை அதிகம் வியக்க வைப்பது இந்தோனேசியா. 1949இல் டச்சுக்காரர்களோடு செய்த வட்டமேசை ஒப்பந்தத்தில் புதிய நாடு 430 கோடி கில்டர் கடனையும் சேர்த்துத்தான் விடுதலையை வாங்கியது. அந்தக் கடனில் ஒரு பகுதி, விடுதலைப் போரை நசுக்க டச்சுப் படை செலவழித்தது. நாட்டில் குடியரசு அடித்த நோட்டு, டச்சு நிர்வாகம் அடித்த நோட்டு, ஜாவா வங்கியின் நோட்டு என்று பணம் பெருகிக் கிடந்தது.

நிதியமைச்சர் ஷாஃப்ருதீன் பிரவிரநெகாரா 1950 மார்ச் 19 அன்று ஓர் ஆணை போட்டார். ஐந்து கில்டரும் அதற்கு மேலும் மதிப்புள்ள டச்சுக்கால நோட்டுகளைக் கத்தரிக்கோலால் நடுவே வெட்ட வேண்டும். இடது பாதி, எழுதியிருக்கும் மதிப்பில் பாதிக்குத் தற்காலிகமாகச் செல்லும். பிறகு புது நோட்டாக மாற்றிக்கொள்ளலாம். வலது பாதியைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அரசுக் கடன்பத்திரம். வங்கி வைப்புகளுக்கும் அதே பாதி-பாதி. புது நோட்டுக்காக ஒரு வருடம் காத்திராமல், மக்கள் கையிலிருந்த தாளையே புது நோட்டாகவும் கடன்பத்திரமாகவும் ஆக்கிவிட்டார். நூறு டன் சிக்கலுக்கு வீட்டுக்கு வீடு இருக்கும் கத்தரிக்கோலில் விடை. ஆனால் ஐந்து கில்டருக்குக் கீழே சிறு நோட்டை மட்டும் வைத்திருந்த ஏழைகள் தப்பினாலும், வீட்டில் நோட்டாகச் சேமித்த நடுத்தரக் குடும்பங்கள் ஒரே நாளில் பாதிப் பணத்தை அரசுக்குக் கட்டாயக் கடன் கொடுத்தன. நிலமாகவும் சரக்காகவும் வைத்திருந்த பெரும் பணக்காரர்களுக்கு ஒரு கீறலும் இல்லை.

பணம் மாற்றுவதே ஆயுதமாவதும் உண்டு. 1968 ஜனவரியில் நைஜீரியா தன் நோட்டுகளைச் சட்டென மாற்றி, தன்னிடமிருந்து பிரிந்துபோன பியாஃப்ராவின் கையில் சிக்கியிருந்த பழைய நோட்டுகளை வெறும் காகிதமாக்கியது. பியாஃப்ரா அதே மாதம் அவசரமாகச் சொந்த நோட்டு விட வேண்டியதாயிற்று. தெற்கு சூடானுக்கு 2011இல் நடந்ததும் இதே சாயல்தான். ஜூலை 9இல் விடுதலை, 18இல் சொந்த பவுண்டு. சில நாட்களிலேயே வடக்கும் தன் நோட்டைப் புதிதாக மாற்றிவிட, தெற்கு மூட்டை மூட்டையாகச் சேகரித்த பழைய சூடான் பவுண்டை வாங்கிக்கொள்ள ஆளில்லை. அரை நூற்றாண்டு உதாரணங்கள் கண்ணெதிரே இருந்தும், பழைய நோட்டுக்கு ஈடு என்ன என்பதைப் பிரியும் முன்பே எழுதி வாங்கவில்லை.

எழுதி வாங்கியவர்களுக்கும் முழுதாகக் கிடைத்ததா என்றால், தொடங்கிய இடத்துக்கே வர வேண்டும். பிரிவினையின்போது எல்லாம் காகிதத்தில் இருந்தது. பிரியாத இந்திய அரசின் ரொக்க இருப்பு சுமார் 400 கோடி ரூபாயில் பாகிஸ்தானுக்கு 75 கோடி என்று பேசி, 20 கோடியை முதலிலேயே கொடுத்தார்கள். காஷ்மீர்ச் சண்டையைக் காட்டி மீதி 55 கோடியை நிறுத்தி வைத்து, காந்தியின் உண்ணாவிரதத்தின் மூன்றாம் நாளான 1948 ஜனவரி 15இல் விடுவிக்க முடிவெடுத்தார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. தெரியாத கணக்கு நோட்டுக்கான ஈடு. செப்டம்பர் 30 வரை ரிசர்வ் வங்கியே இரு நாடுகளுக்கும் பொதுவாக இருக்கும் என்ற ஏற்பாட்டைப் பாகிஸ்தான் முன்கூட்டியே முடித்துக்கொள்ள, 1948 ஜூலை முதல் தேதி கராச்சியில் ஸ்டேட் பேங்க் ஆஃப் பாகிஸ்தானை ஜின்னா திறந்துவைத்தார். பாகிஸ்தான் பகுதியில் சேகரித்த இந்திய நோட்டுகளுக்கு ஏற்ற விகிதத்தில் தங்கம், ஸ்டெர்லிங் பத்திரம், இந்திய அரசுப் பத்திரம், வெள்ளி ரூபாய் ஆகியவற்றை ரிசர்வ் வங்கி பெயர்த்துத் தர வேண்டும். ஒரு பகுதி போயிற்று. மீதியில் எந்த நோட்டு எங்கே சேகரித்தது, எது கணக்கில் சேரும் என்று தகராறு.

ஸ்டேட் பேங்க் ஆஃப் பாகிஸ்தானின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் சொத்துப் பட்டியலில் இன்றும் ஒரு வரி வருகிறது: இந்திய ரிசர்வ் வங்கியிடம் உள்ள சொத்துகள். அதன் கீழே தங்க நாணயம், ஸ்டெர்லிங் பத்திரம், இந்திய அரசுப் பத்திரம், ரூபாய் நாணயம். தங்கத்தின் விலையை வருடா வருடம் திருத்தி எழுதுகிறார்கள். சற்றுத் தள்ளி வேறொரு தலைப்பு: இந்தியா, வங்கதேச அரசுகளிடமிருந்து வரவேண்டியவை.